குடமும் கடலும்

வார விடுமுறையில் நண்பர்களோடு நகரத்திற்குச் சென்று வருவது இன்றைய இளைஞர்களின் வாழ்க்கையில் ஓர் அங்கமாகிவிட்டது. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையைத் தாண்டியதும் ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் இருக்கிறது. 2008-இல் தொடங்கப்பட்ட இந்நகரம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் இங்குள்ள ஆலைகளில் உழைக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் தடாவில் ரயிலேறிச் சென்னைக்கு வருவது அவர்களுக்கு எளிது. கோயில், கடற்கரை, கடைத்தெரு என்று அவர்கள் பார்க்கும் இடங்களோடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 2019-இல் திறக்கப்பட்ட வி.ஜி.பி. மரைன் கிங்டம் என்னும் மீன் காட்சியகமும் இப்பொழுது சேர்ந்துகொண்டது. அங்கே கண்ணாடிச் சுரங்கப் பாதையில் நடந்தால் தலைக்கு மேலே மீன்கள் நீந்திச் செல்லும்.

அவ்வாறு நண்பர்களோடு சென்று மகிழ்ந்து திரும்பும் ஓர் இளைஞனின் உள்ளத்தில் இரவு ரயிலில் ஒரு கேள்வி எழக்கூடும். ‘நான் பார்த்து மகிழ்ந்த அந்த ஜீவன்கள் அடைபட்டுக் கிடப்பவை அல்லவா? அவற்றின் சிறையில் பிறந்த என் மகிழ்ச்சி குற்றமற்றதுதானா?’

இதைச் சிறிய கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாம் விரும்பும் ஒன்றை நம் அருகிலேயே வைத்துக்கொள்ள நமக்கு எவ்வளவு உரிமை உண்டு என்னும் பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது. மீன் தொட்டியில் தொடங்கும் இந்த விசாரணை நம் வீட்டுக் கூடம் வரை வந்து சேரும்.

இரண்டு எளிய பதில்கள்

இக்கேள்விக்கு உடனே சொல்லக்கூடிய பதில்கள் இரண்டு. ‘மீனுக்கு என்ன தெரியும்? வேளைக்கு உணவு கிடைக்கிறது, பெரிய மீனின் பயமில்லை. பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போவோம்’ என்பது ஒன்று. ‘இது பாவம், காட்சியகங்களை எல்லாம் மூடிவிட்டு மீன்களைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்’ என்பது மற்றொன்று.

முதல் பதில் நம் மனசாட்சியைத் தூங்க வைக்கிறது. இரண்டாவது பதிலோ ஒரே சொல்லில் நம் கடமையை முடித்துக்கொள்ளப் பார்க்கிறது. இரண்டிலுமே மீனைப் பற்றிய உண்மையான அக்கறை குறைவு. ஆகவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

கரையை வெறுமையாக்கிய அன்பு

மீன் காட்சியகங்களின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் 1853-இல் லண்டன் உயிரியல் பூங்காவில் திறக்கப்பட்டது. அதற்கு உழைத்தவர்களுள் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை ஆய்வாளரும் ஒருவர். அவர் ஆழ்ந்த மதப்பற்று உடையவர். கடற்கரைப் பாறைக் குட்டைகளில் வாழும் சிற்றுயிர்களை இறைவனின் கைவண்ணமாகக் கண்டு வியந்தவர். அந்த வியப்பை எல்லோரும் அடைய வேண்டும் என்ற ஆவலில், கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது பற்றி 1854-இல் ஒரு நூல் வெளியிட்டார். நூலைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்றார்கள். ஆளுக்குக் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். பல்லாண்டுகளுக்குப் பின் 1907-இல், அவருடைய மகன் எட்மண்ட் காஸ் தம் நினைவுகளை எழுதியபோது, தாம் சிறுவனாக இருந்த காலத்தில் உயிர்கள் நிறைந்திருந்த அந்தப் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டுவிட்டதைப் பெரும் துயரத்துடன் குறிப்பிட்டார்.

இதில் தீயவர் யார்? யாருமே இல்லை. அனைவரும் அந்த உயிர்களை நேசித்தவர்கள். ஆனால் அந்த நேசம், ‘இது அழகாக இருக்கிறது; ஆகவே இது என்னிடம் இருக்க வேண்டும்’ என்று நினைத்தது. யோக சாஸ்திரம் ‘அபரிக்கிரகம்’ என்ற ஒழுக்கத்தை அகிம்சையோடு சேர்த்து ஏன் வைத்திருக்கிறது என்பது இங்கே புரிகிறது. பொருளைச் சேர்த்துக்கொள்ளாமை என்பது துறவிகளுக்கு மட்டும் உரிய கட்டுப்பாடன்று. பிடித்ததை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும் மனத்தால் அகிம்சையைக் காக்க முடியாது.

சத்தியவிரதனின் கமண்டலம்

ஸ்ரீ சிட்டிக்கு மேற்கே, அதே வட்டாரத்தில் நாகலாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள வேதநாராயண சுவாமி கோயிலில் திருமால் மத்ஸ்ய அவதாரக் கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் தாயாரின் நினைவாக எழுப்பிய கோயில் என்பர். பங்குனியை ஒட்டிய நாட்களில் மாலைச் சூரியனின் கதிர்கள் மூலவர் மீது விழும் வைபவத்தைக் காண அன்பர்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள். மீனைப் பற்றிய நம் கேள்விக்கு விடை தேட இந்த அவதாரக் கதையைவிடச் சிறந்த இடம் இல்லை.

பாகவதத்தின் எட்டாவது ஸ்கந்தம் கூறும் கதை அது. திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் கிருதமாலா நதியில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தான். இந்நதியை வைகையின் கிளை என்று கருதுவோர் உண்டு. அள்ளிய நீரோடு ஒரு சிறு மீன் அவன் கைகளில் வந்தது. மன்னன் அதை மீண்டும் நதியிலேயே விட்டான். உடனே மீன் பேசியது. தன் இனத்தையே தின்னும் பெரிய மீன்களுக்கு அஞ்சும் தன்னை இப்படி விட்டுவிடலாமா என்று இரக்கத்தோடு கேட்டது. மன்னன் மனமிரங்கித் தன் கமண்டலத்தில் அதை எடுத்துச் சென்றான். ஓர் இரவிலேயே கமண்டலம் அதற்குப் போதவில்லை. பெரிய பாத்திரத்தில் விட்டான், அதுவும் போதவில்லை. குளம், ஏரி என்று மாற்றி மாற்றி விட்டும் மீன் வளர்ந்துகொண்டே போயிற்று. முடிவில் கடலுக்குக் கொண்டு சென்றான். அப்போதுதான் அது சாதாரண மீன் அன்று, பகவானே என்பதை உணர்ந்தான். பின்னர் பிரளயம் வந்தபோது, மன்னன் ஏறியிருந்த ஓடத்தை இழுத்துச் சென்று காத்தது அந்த மீன்தான்.

இக்கதையில் மன்னனின் செயல்களை வரிசையாகக் கவனியுங்கள். முதலில் அவன் மீனை விட்டுவிட்டான். அது போதவில்லை என்று மீனே சொன்னது. பிறகு குடத்தில் வைத்தான். அது தேவையாக இருந்தது, ஆனால் ஒரு நாளைக்குத்தான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மீன் இடம் போதவில்லை என்றபோது, ‘என் கமண்டலத்தின் அளவுக்குள் நீ இரு’ என்று அவன் சொல்லவில்லை. மீனின் வளர்ச்சிக்கு ஏற்பப் பாத்திரத்தைப் பெரிதாக்கினான். கடைசியில் தன்னால் அளக்க முடியாத கடலிடம் அதைக் கொண்டுபோனான். காக்கும் அன்புக்கு இதுவே இலக்கணம் என்று தோன்றுகிறது. அது தேவையான நேரத்தில் கையில் ஏந்தும். ஏந்தியதன் வளர்ச்சியைத் தன் வசதிக்காகத் தடுக்காது.

விட்டுவிடுவது மட்டும் கருணையாகுமா?

சத்தியவிரதன் முதலில் மீனை நதியில் விட்டது ஏன் போதவில்லை என்பதை இன்றைய நடப்பும் விளக்குகிறது. வீட்டுத் தொட்டிகளில் பாசியைத் தின்பதற்காகச் சிலர் ‘டேங்க் கிளீனர்’ என்னும் மீனை வாங்கி வளர்க்கிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிடும். கொல்ல மனமில்லாத நல்லவர்கள் அதை அருகிலுள்ள ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு வெளியேறிய மீன் இன்று தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பல நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மீனவர்களின் வலைகளையும் கிழிக்கிறது. ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம் ஆயிரம் மீன்களுக்குத் துன்பமாயிற்று. பொறுப்பிலிருந்து கை கழுவுவதைக் கருணை என்று நாம் தவறாக எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் காட்சியகம் நல்லதா, தீயதா? அது எந்தப் பாதையில் செல்கிறது என்பதைப் பொறுத்தது. தொட்டியில் வளரும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. சென்னை கொளத்தூர்ப் பகுதியில் பல குடும்பங்களுக்கு இதுவே வாழ்வாதாரம். கடல் அலங்கார மீன்களிலோ பெரும்பான்மை இன்றும் பவளப்பாறைகளில் பிடிக்கப்படுபவை. சில நாடுகளில் சயனைடு நஞ்சைத் தெளித்து மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் நடந்து வந்திருக்கிறது. மறுபுறம், நம் நாட்டின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் போன்றவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. கடல் குதிரைகளுக்கும் பவளங்களுக்கும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு.

ஆகவே காட்சியகத்திற்குச் செல்பவர் அங்குள்ள பணியாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: ‘இந்த மீன் எங்கே பிறந்தது?’ வேடிக்கை பார்க்க வந்தவரை இக்கேள்வி பொறுப்புள்ளவராக மாற்றிவிடும். பலரும் கேட்கத் தொடங்கினால் காட்சியகங்களும் அதற்கு விடை தயாராக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சேவை

தொட்டி மீன் பட்டினியால் சாவதைவிடத் தன் கழிவால் சாவதே அதிகம். அதன் செவுள்கள் வெளியேற்றும் அம்மோனியா நீரில் சேர்ந்தால் நஞ்சாகும். மணலிலும் வடிகட்டியிலும் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. நாம் வண்ண மீன்களைப் பார்க்கிறோம். அவற்றை உயிரோடு வைத்திருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களைப் பார்ப்பதில்லை.

1840-களில் லண்டனில் ஆன்னா தின் என்ற பெண்மணி கடல் பவள உயிர்களை வீட்டில் வைத்து வளர்த்தார். நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரங்கள் இல்லாத காலம் அது. அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் திறந்த ஜன்னலருகே நின்று, அரை மணிக்கு மேலாகக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றுவார். அதனால்தான் அந்த உயிர்கள் பிழைத்தன. ஆன்னா தின்னின் பெயர் நூல்களில் இருக்கிறது. மற்றவர் வெறும் ‘பணிப்பெண்’ என்றே குறிப்பிடப்படுகிறார். ஒவ்வோர் அழகுக்கும் பின்னால் இத்தகைய பெயரற்ற உழைப்பு இருக்கிறது. ஆலையில் முகம் தெரியாத யாருக்காகவோ பொருள்களைச் செய்யும் ஸ்ரீ சிட்டித் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வாசலில் இருக்கும் நீர்

தடாவிலிருந்து காட்சியகத்திற்குச் செல்பவர்கள், கிழக்கே சிறிது தூரத்தில் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ரயிலேறுகிறார்கள். சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கே கூட்டமாக வந்திறங்குகின்றன. கடலோடு இணையும் முகத்துவாரத்தின் வழியாகத்தான் அந்த ஏரி மூச்சு விடுகிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும்போது கடல்நீர் வருவதில்லை. மீனும் இறாலும் குறைகின்றன. மீனவர் வீட்டில் அடுப்பு எரிவதும் அரிதாகிறது. இவ்வளவு பெரிய ஏரியும் கடலோடு தொடர்பை இழந்தால் ஒரு தொட்டியைப் போல ஆகிவிடும்!

அந்த ஏரியின் மீனவர்களிடம் ‘பாடு’ என்னும் பழைய முறை இருக்கிறது. எந்த இடத்தில், யார், எந்த நாளில் வலை வைப்பது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகிவிடாது. நீரை நம்பி வாழ்ந்தவர்கள் அனுபவத்தில் கண்ட அபரிக்கிரகம் இது.

காட்சியகத்தில் பெற்ற மகிழ்ச்சிக்கு நாம் பட்ட கடனை அங்கேயுள்ள மீனிடம் தீர்க்க முடியாது. அதன் இனம் வாழும் நீர்நிலைகளிடம்தான் தீர்க்க முடியும். அடுத்த விடுமுறையில் நண்பர்கள் சேர்ந்து அந்த ஏரிக்கரைக்குச் செல்லலாம். பறவைகளை விரட்டாமல் தூரத்தில் நின்று பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பையையும் விட்டுவராமல், கிடப்பதில் சிலவற்றை எடுத்து வரலாம். இவை சிறிய செயல்களே. ஆயினும் மனம் பழகுவது இவற்றில்தான்.

நம் வீட்டுக் குடங்கள்

இனி நம் வீட்டிற்கு வருவோம். குழந்தை ஒரு காலத்தில் நம் உள்ளங்கையில் அடங்கியிருந்தது. அப்போது அதைக் கமண்டலத்தில் வைத்துக் காத்தது நம் தர்மம். அது வளர்ந்து, கிராமத்தை விட்டுத் தொலைவிலுள்ள தொழில் நகரத்திற்கு வேலைக்குப் போகிறது. தன் சம்பளத்தில் நண்பர்களோடு ஒரு நாள் மகிழ்ந்து வர விரும்புகிறது. ‘என் மகள் என் கண் முன்னாலேயே இருக்க வேண்டும்’ என்று பெற்றோர் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பில் அன்பு இருப்பது உண்மை. பழைய பாத்திரமே போதும் என்னும் பிடிவாதமும் சில வேளைகளில் அதனுள் ஒளிந்திருக்கிறது. அதே சமயம், ‘எப்படியோ போகட்டும்’ என்று விட்டுவிடுவதும் அன்பாகாது. வழி கேட்டால் சொல்ல, விழுந்தால் தாங்க, நாம் அருகில் இருக்க வேண்டும். ஆசிரியர் மாணவனிடமும், நண்பன் நண்பனிடமும், முதலாளி தொழிலாளியிடமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: ‘இவருக்கு நான் கொடுத்திருக்கும் இடம் இவர் வளர்வதற்குப் போதுமானதா, அல்லது நான் பார்த்து மகிழ்வதற்கு மட்டும் போதுமானதா?’

தண்ணீருக்குள் இருக்கும் பொருள், கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கு உண்மையில் இருப்பதைவிட அருகில் இருப்பதாகத் தோன்றும். நாம் நேசிப்பவர்களும் நமக்கு அப்படித்தான் தோன்றுகிறார்கள். முழுவதும் நம் கைக்கு எட்டியவர்கள் என்று எண்ணிவிடுகிறோம். ஒவ்வொரு ஜீவனுக்குள்ளும் நம் அளவுகோலுக்கு அடங்காத ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. சத்தியவிரதன் பாத்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே சென்றதால்தான், தான் காப்பாற்றியது யாரை என்பதை அறிந்தான். கமண்டலத்தோடு நின்றிருந்தால், இறைவனைக் கையில் ஏந்தியும் ஒரு மீனை மட்டுமே பார்த்திருப்பான்.