காவலும் கலக்கமும்

தினைப்புனத்துப் பரண்மேல் காவலிருப்போர் நாள் முழுதும் கவண் வீசிக்கொண்டிருப்பதில்லை. கிளிக்கூட்டம் வரும்போது வீசுவர். அகன்றபின் கையை இறக்கிக்கொள்வர். கண்ணை மட்டும் மூடார். ஓங்கிய கையை இறக்குவது வேறு. கண்ணை மூடுவது வேறு. இவ்வேறுபாட்டை ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் எவ்வாறு உணர்த்துவது? பயங்கரவாதத்தை எதிர்கொள்ளும் அரசுகளின் முன் நிற்கும் அறவினா இது.

ஆஸ்திரேலியாவில் பயங்கரவாத அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து மக்களுக்கு அறிவிக்கின்றனர். 2014 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட எச்சரிக்கை எட்டு ஆண்டுகள் உயர்ந்தே நின்றது. 2022 நவம்பரில் உளவுத்துறைத் தலைவர் மைக் பர்ஜெஸ் அதனை ஒரு படி இறக்கினார். அபாயம் அடியோடு நீங்கிவிடவில்லை என்பதையும் உடன் கூறினார். 2024 ஆகஸ்டில் எச்சரிக்கை மீண்டும் உயர்ந்தது.

அவ்வாறாயின், முன்னர் இறக்கியது பிழையன்றோ என்று கேட்கலாம். பிழையன்று என்பதே என் கருத்து.

எச்சரிக்கையை இறக்காத அதிகாரியை யாரும் பழிப்பதில்லை. இறக்கிய மறுநாள் ஒரு குண்டு வெடித்தால் பழி முழுவதும் அவர் தலைமேல் விழும். எனவே, எப்போதும் அபாயம் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவருக்குக் காப்பு. ஆனால் அக்காப்புக்கு விலை கொடுப்பவர்கள் மக்கள். அமெரிக்கா 2002-இல் பச்சை முதல் சிவப்பு வரை ஐந்து நிறங்களில் எச்சரிக்கை முறை ஒன்றை வகுத்தது. நாட்டுக்கான பொது எச்சரிக்கை, நடுப்படியாகிய மஞ்சளுக்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. 2011-இல் அம்முறையே கைவிடப்பட்டது. இறங்கவே இறங்காத எச்சரிக்கை, ஓயாது அடிக்கும் மணியைப் போன்றது. நாளடைவில் எவர் செவியிலும் விழாது. இறக்கத் தெரிந்த கை ஓங்கும்போதுதான் அந்த ஓங்கலுக்குப் பொருள் உண்டு. எனவே, அறிந்ததை அறிந்தவாறே உரைப்பது காவலரின் வாய்மை. பழிக்கு அஞ்சி உயர்த்தியே வைப்பது வாய்மைக் குறைவு.

வள்ளுவர் அரசியலில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். 'வெருவந்த செய்யாமை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது, மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறத்தலைக் கடிவது. பின்னது, குடிகள் அஞ்சி நடுங்கும் செயல்களை விலக்குவது. விழிப்பு வேண்டும், வெருட்டல் கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே அமைவதுதான் நல்லாட்சி.

இதில் குடிமக்களாகிய நமக்கும் பங்குண்டு. கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர், காவலர்க்கு அறிவிப்பீர் என்று நம் ரயில் நிலையங்களில் ஒலிபெருக்கி சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! 1985-இல் தில்லியில் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளில் குண்டு வைத்து உயிர்களைக் குடித்த கொடுமையை மூத்தோர் மறந்திரார். அப்பாடம் எந்தப் படியிலும் மாறாதது. ஆனால் விழிப்பு பொருளைப் பார்க்கிறது. அச்சமோ முகத்தைப் பார்க்கிறது. பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஐயம் பரவும் நாளில், தெருவில் முதலில் உற்று நோக்கப்படுபவன் வேற்றுமொழி பேசுபவனே. அப்பார்வையின் சூட்டை அறிந்த நாமும், நேற்று எதிர்வீட்டிற்குக் குடிவந்த அயலானை அவ்வாறே பார்த்ததில்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம்.

எச்சரிக்கை இறங்கும்போது நாம் இறக்கிவைக்க வேண்டியது இந்த ஐயத்தையே, விழிப்பையன்று. அயலானின் பெயரையும் ஊரையும் அன்போடு கேட்டறிந்த தெருவில், உரியவரில்லாத பெட்டி ஒன்று கிடந்தால் அது எவர் கண்ணுக்கும் உடனே படும். ஒருவரை ஒருவர் அறியாத தெருவிலோ, எல்லாப் பெட்டியும் ஐயத்திற்குரியதே; எல்லா மனிதரும் ஐயத்திற்குரியவரே. அத்தகைய தெருவைக் காக்க எத்தனை படி எச்சரிக்கை இருந்தும் போதாது.