அழைப்பும் பொறுப்பும்

ஆய்விதழ்களின் பின்னட்டையிலோ உள்ளட்டையின் அடியிலோ சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு இடம்பெறுவதைக் கண்டிருப்போம். "அறிஞர்களிடமிருந்து கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன" என்பது அது. மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம் ஆகிய துறைகளின் இதழ்கள் இவ்வாறே எழுதுவோரை அழைக்கின்றன. பொருள் இன்னது, பக்கம் இத்தனை, இறுதி நாள் இது என்று எழுதுபவரின் கடமைகள் ஒவ்வொன்றாக எண்ணிக் கூறப்பட்டிருக்கும். அழைப்பவரின் கடமை யாது என்பது மட்டும் பெரும்பாலும் கூறப்படுவதில்லை. கூறப்படாமையால் அப்படி ஒரு கடமையே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்பதே நம் கருத்து. அழைப்பு என்பது ஒரு வாக்குறுதி. அதை ஏற்று வருபவரைவிட விடுத்தவரையே அது மிகுதியாகக் கட்டுப்படுத்துகிறது.

ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையை ஒரே வேளையில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாகாது. ஓரிதழ் முடிவு கூறும்வரை எழுதியவர் காத்திருத்தல் வேண்டும். விதி நியாயமானதே. இல்லையேல் ஒரே கட்டுரையைப் பல வல்லுநர்கள் வீணே படித்துக்கொண்டிருக்க நேரிடும். ஆனால் இவ்விதியின் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டுரை இதழாசிரியரின் மேசையில் கிடக்கும் காலமெல்லாம் எழுதியவரின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆறு திங்கள் கடக்கலாம், ஓராண்டும் கடக்கலாம். பணியில் நிலைபெறாத இளம் ஆய்வாளருக்கு அந்த ஓராண்டு பெரிதாகும்.

எனவே கட்டுரையை மறுப்பது அநீதியன்று. மறுமொழியின்றி வைத்திருப்பதே அநீதி. அனைத்தையும் ஏற்றுக்கொள்ளும் இதழ் எதையும் மதிக்காத இதழாகிவிடும். ஆகவே "உம்முடைய கட்டுரை எம் இதழுக்கு ஏற்றதன்று, காரணம் இது" என்று உரிய காலத்தில் சொல்லும் இதழாசிரியர் எழுதியவருக்குத் தீங்கு செய்யவில்லை, விடுதலையே அளிக்கிறார். விருந்துக்கு அழைத்துவிட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவைப்பதை நம் மரபு பொறுக்காது. அறிவின் வாசலில் மட்டும் அது பொறுக்கத்தக்கதாகுமா?

இதழாசிரியர்களின் இடர்ப்பாட்டையும் நாம் மறத்தலாகாது. அவர்களுள் பெரும்பாலோர் ஊதியமின்றிப் பணிபுரிபவர்கள். கற்பித்தல் முடிந்து, வீட்டுக் கடமைகள் முடிந்து, இரவில் கட்டுரைகளைப் புரட்டுபவர்கள். வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு எழுதினால் பதில் வருவதில்லை. இவை மெய்யே. ஆயினும் இவ்விடர்ப்பாடு அழைப்பைச் சுருக்கிக்கொள்வதற்குக் காரணமாகலாம். அழைத்துவிட்டு மௌனம் காப்பதற்குக் காரணமாகாது. நிறைவேற்ற இயலாத வாக்கைக் கொடாதிருப்பதும் நேர்மையின் ஒரு பகுதியன்றோ?

காலத்தைவிட ஆழமான கடமை ஒன்றும் உண்டு. தம்மை மறுப்பவரையும் வரவேற்க அழைப்பவர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கு அழகியதோர் எடுத்துக்காட்டு உள்ளது. ஆண்ட்வெர்ப் நகரில் புனிதர் வரலாறுகளை ஆராய்ந்து தொகுத்த இயேசு சபையினர் பொலாண்டியர் எனப்பட்டனர். அவர்களுள் ஒருவரான டேனியல் பாப்பன்புரூக் 1675-ஆம் ஆண்டு பழைய ஆவணங்களின் உண்மையையும் போலியையும் பகுத்தறிவது பற்றி ஒரு முன்னுரை வரைந்தார். பெனடிக்ட் சபையின் மடங்கள் பேணிவந்த தொன்மையான பட்டயங்கள் சில அதனால் ஐயத்துக்கு உள்ளாயின. அச்சபையின் துறவியான ழான் மபியோன் சினந்து எழவில்லை. ஆறாண்டுகள் உழைத்தார். தாளையும் மையையும் எழுத்தின் வடிவையும் முத்திரையையும் ஆராயும் முறையை வகுத்து, 1681-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஆவணங்களை ஆராயும் கலைக்கு அந்நூலே அடித்தளமாயிற்று. அதைக் கற்ற பாப்பன்புரூக், தம் முடிவு மறுக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு மபியோனுக்கு மடல் எழுதினார். இத்தகைய நூல் எழுவதற்குத் தம் சிறுகட்டுரை காரணமாயிற்றே என்பதில் அவர் நிறைவு கண்டார். தோற்றவர் வென்றவருக்கு நன்றி கூறிய இந்நிகழ்ச்சியில் இருவரும் உண்மைக்கே பணிபுரிந்தனர்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று 1996-இல் அமெரிக்காவில் நடந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஆலன் சோக்கல், வேண்டுமென்றே பொருளற்ற கூற்றுகளைக் கோத்து ஒரு கட்டுரை புனைந்து, 'சோஷியல் டெக்ஸ்ட்' என்னும் பண்பாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர்களின் மனச்சார்புக்கு இனிக்கும் வகையில் அது எழுதப்பட்டிருந்தது. இயற்பியல் அறிந்த ஒருவரிடமும் காட்டாமலே இதழ் அதை வெளியிட்டது. பின்னர் வேறோர் இதழில் சோக்கலே உண்மையை வெளியிட்டார். அவர் செய்தது வஞ்சகம் என்றனர் சிலர். தக்க பாடம் என்றனர் சிலர். பொய்யைச் சான்றாக அனுப்பியவர் நம்பிக்கையைக் குலைத்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் தமக்கு உவப்பானதை ஆராயாமல் ஏற்பவர், உவப்பற்றதை ஆராயாமல் தள்ளுவதும் எளிதே. அழைப்பு எல்லார்க்கும் என்று எழுதிவிட்டு, மனத்துக்குள் நம்மவர்க்கு மட்டும் என்று குறித்துக்கொள்வது அழைப்பன்று.

நம் நாட்டில் வேறொரு கேடும் தலையெடுத்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை ஒன்றேனும் வெளியிட வேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்தது. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் வெளியீடுகள் கணக்கிடப்பட்டன. தேவை பெருகியதும் அதை விலையாக்குவோரும் பெருகினர். பணம் செலுத்தினால் சில நாள்களிலேயே அச்சேற்றும் இதழ்கள் தோன்றின. 2018-ஆம் ஆண்டு மே திங்களில் மானியக் குழு தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பட்ட ஆய்வாளர்க்குரிய அக்கட்டாயமும் 2022-இல் நீக்கப்பட்டது. ஆயினும் வணிக அழைப்புகள் இன்றும் ஆய்வாளர்களைத் தேடி வருகின்றன. அவை அழைப்பது அறிஞரையன்று, அவருடைய பணப்பையை. படிக்கும் எண்ணமே இல்லாமல் விடுக்கப்படும் அழைப்பு, அழகிய சொற்களால் ஆன பொய். அறிந்தே அதை ஏற்று, படிக்கப்படாத கட்டுரையைத் தகுதிச் சான்றாகக் காட்டுபவரும் அப்பொய்யில் பங்குகொள்கிறார்.

அழைப்பின் உயர்ந்த வடிவத்தை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1913-இல் ஊர்காவற்றுறையில் பிறந்து, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாகப் பணிபுரிந்த தனிநாயகம் அடிகளார், 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். இந்தியப் பண்பாடு என்றால் வடமொழி வழியாகவே நோக்கிய அக்கால உலகுக்குத் தமிழின் வளத்தை எடுத்துரைப்பது அவர் நோக்கம். தாமே எழுதிக் குவித்து அதை அவர் நிறைவேற்றியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் செக்கோஸ்லோவாக்கிய அறிஞர் கமில் சுவலபில் போன்றோரையும் எழுதச் செய்தார். பிறநாட்டார் எழுதினால் தமிழைப் புகழ மட்டுமே செய்வர் என்பதற்கு உறுதியில்லை. காலத்தைக் குறைத்து மதிப்பிடுவர், கடன் சொற்களைச் சுட்டுவர், நாம் போற்றுவதை ஐயுறுவர். அதை அறிந்தும் அவர் கதவைத் திறந்தார். தமிழுக்கு அவர் வேண்டியது முகமன் உரையன்று, ஆராய்ச்சி. அவ்வழைப்பு இதழோடு நிற்கவில்லை. 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாயிற்று. 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. தான் நேசிப்பதைப் பிறர் ஆராய ஒப்படைக்கும் துணிவே உண்மையான அன்பு என்பதை அவர் பணி நமக்குக் காட்டுகிறது.

இச்சிந்தனை ஆய்விதழ்களுக்கு மட்டும் உரியதன்று. பங்கின் வரலாற்று மலருக்கும், கருத்தரங்குக்கும், "உங்கள் கருத்தைக் கூறுங்கள்" என்று நாம் மொழியும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் இது பொருந்தும். கேட்டுவிட்டு வந்ததைப் பிரித்தும் பாராமல் அடுக்கிவைக்கும் வழக்கம் நம்மிடையே இல்லையா? பிறர் தம் வாழ்நாளின் ஒரு பகுதியைச் செலவிட்டு எழுதியதை நம்மிடம் ஒப்படைக்கின்றனர். அதை முழுமையாகப் படிப்பதும், உரிய காலத்தில் மறுமொழி கூறுவதும், நம்மைத் திருத்தினால் திருந்துவதும் சலுகைகள் அல்ல. அவை அவர்களுக்கு நாம் பட்ட கடன்.