இடைவெளி இல்லாத இரண்டு

இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லையென்றால் அவை ஒன்றுதானா? இறைவனும் உயிரும் பற்றிய வேதாந்த, சித்தாந்த வாதங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. இதற்கு ஒரு சான்று புள்ளியியல் மென்பொருளில் கிடக்கிறது. 'ஆர்' மென்பொருளிடம் ஓர் அட்டவணையைக் கொடுத்து 'டிஸ்ட்' என்றால், ஒவ்வொரு வரியையும் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு, எல்லாப் புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தை இரண்டிரண்டாகக் கணக்கிட்டுவிடும். 100 வரி என்றால் 4,950 தூரங்கள்.

அந்தத் தூரம் முதலில் அளப்பவரைப் பொறுத்தது. மலேசியாவில் சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங்கிற்கு வரைபடத்தில் கோடு போட்டால் ஒரு தூரம். புக்கிட் தங்கா மலைப்பாதை வளைவுகளில் ஏறி இறங்கினால் வேறு தூரம். அப்பக்கத் தோட்டங்களில் மூன்று தொழிலாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வயது 30, சம்பளம் 1,500 ரிங்கிட். மற்றவருக்கு 60, 1,510. மூன்றாமவருக்கு 31, 1,550. அப்படியே கணக்கிட்டால் முதலாமவருக்கு 60 வயதுக்காரர் 31.6 தூரத்திலும், 31 வயதுக்காரர் 50 தூரத்திலும் இருப்பார்கள். சம்பளத்தை ஆயிரம் ரிங்கிட்டில் எழுதிப் பாருங்கள்: முதியவர் 30 தூரத்துக்குப் போய்விடுவார், இளையவர் 1 தூரத்துக்கு வந்துவிடுவார். ஆட்கள் யாரும் நகரவில்லை, அலகுதான் மாறியது. புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ் 1936இல் வெளியிட்ட தூர அளவு, தரவின் பரவலையும் தொடர்பையும் கணக்கில் கொண்டு இந்த அலகுக் கோளாறைப் போக்கியது. ஆனால் எதை அளப்பது என்ற தேர்வு அப்போதும் நம்முடையதே.

இனி, இருவருக்கு வயதும் சம்பளமும் ஒன்றே என்போம். தூரம் சுழியம். ஆனாலும் அட்டவணையில் இரண்டு வரிகள். சம்பள நாளில் இரண்டு கைகள் நீளும். தூரம் சுழியமானால் இரண்டும் ஒரே புள்ளி என்பதுதானே கணித விதி என்று கேட்கலாம். புள்ளி ஒன்றுதான், ஆள் புள்ளியல்ல. இன்னும் பல விவரங்களைச் சேர்த்தால் வேறுபாடு தெரிந்துவிடுமே என்றால், தெரியலாம். ஆனால் அளப்பதற்கு முன்பே அவர்களை இருவரென எண்ணித்தான் வரி போட்டோம். அந்த எண்ணிக்கையே மாயை என்று, எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதி சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் அதற்கு அவர் வேறு சான்று காட்ட வேண்டும், இடைவெளி இல்லாமையைக் காட்டினால் போதாது.

13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டார் சிவஞானபோதத்தில் அத்துவிதம் என்ற சொல்லுக்கு ஒன்று என்று பொருள் கொள்ளவில்லை; பிரிவின்மை என்றே கொண்டார். இறைவனுக்கும் உயிருக்கும் இடையே அவர் கண்ட உறவு உண்மை என்று மென்பொருள் நிறுவிவிடாது. பிரிவின்மை வேறு, ஒருமை வேறு என்பதை மட்டும் சுழியம் காட்டிவிடுகிறது.