தூரிகை சொன்ன சாட்சியம்

அநீதி நிகழும்போது கலைஞனின் கடமை யாது? வெடிகுண்டைத் தூரிகையால் தடுக்க இயலாது. அவ்வாறாயின் ஓவியத்தால் விளையும் பயன்தான் என்ன? ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் பாப்லோ பிக்காசோவின் வாழ்வு இவ்வினாவை நம் முன் வைக்கிறது.

1881இல் மாலகா நகரில் பிறந்த பிக்காசோ, ஓவியம், சிற்பம், அச்சோவியம் ஆகிய மூன்றிலும் தம் முத்திரையைப் பதித்தவர். மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்தே காளையின் தலையைப் படைத்துக் காட்டிய கைகள் அவருடையவை.

1937 ஏப்ரல் 26 அன்று, பாஸ்க் மக்களின் குவெர்னிகா என்னும் ஊரின்மீது, தளபதி பிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. பின்னர், பின்வாங்கிய குடியரசுப் படையினரே ஊரைக் கொளுத்தினர் என்று பிராங்கோவின் தரப்பு பழியைத் திருப்பியது. பாரீசில் இருந்த பிக்காசோ சில வாரங்களுக்குள், சுமார் 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்ட ஓவியமொன்றைத் தீட்டி முடித்தார். இறந்த மகவை ஏந்தி அலறும் தாயை அதில் காண்கிறோம். அவ்வாண்டிலேயே பிராங்கோவை எள்ளி நகையாடும் அச்சோவியங்களையும் அவர் படைத்தார்.

ஓவியம் போரை நிறுத்தவில்லை. 1939இல் பிராங்கோவே வென்றார். ஸ்பெயின் மக்களின் உரிமைகள் மீளும்வரை ஓவியம் அங்குச் செல்லலாகாது என்பதில் பிக்காசோ உறுதியாக நின்றார். 1973இல் அவரும் 1975இல் பிராங்கோவும் மறைந்தனர். 1981இலேயே அது ஸ்பெயின் சேர்ந்தது. தம் படைப்பைத் தாய்மண்ணில் காணும் பேற்றை அவர் தாமே துறந்தார் அன்றோ!

அவர் குறையற்றவர் அல்லர். 1956இல் ஹங்கேரி மக்களின் எழுச்சியைச் சோவியத் படைகள் நசுக்கிய பின்னும் அவர் கம்யூனிஸ்டுக் கட்சியை விட்டு விலகவில்லை. அந்த உறுதி இங்கே எங்கே போயிற்று என நாம் கேட்பது முறையே. எனினும் சாட்சியின் குறை சாட்சியத்தைப் பொய்யாக்கிவிடாது.

2003 பிப்ரவரியில், ஈராக் மீது போர் தொடுக்க அமெரிக்கா வாதாடிய வேளையில், ஐ.நா. பாதுகாப்பு அவையின் வாயிலருகே தொங்கிய அவ்வோவியத்தின் நெசவுப் பிரதி நீலத் துணியால் மூடப்பட்டது. தொலைக்காட்சிப் படப்பிடிப்பின் வசதிக்காக எனக் காரணம் கூறப்பட்டது. காரணம் எதுவாயினும், போரைப் பற்றிப் பேசியோரின் பின்னே அத்தாயின் அலறல் தென்படவில்லை.

கலை குண்டைத் தடுக்காது. குண்டு வீசியவனின் பொய் வரலாறாகிவிடாமல் அது தடுக்கும். சாட்சி சொல்வது கலைஞனின் கடன். அச்சாட்சியைத் திரையிட்டு மறைக்காமல் நேர்நின்று காண்பது நம் கடன்.