கயிற்றின் மறுமுனை

2006ஆம் ஆண்டு, கொச்சிக்கு அருகிலுள்ள மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த நண்பர்களுள் ஒருவர் குணா குகையின் ஆழ்பிளவில் தவறி விழுந்தார். தோழர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, அவரை உயிரோடு மீட்டார். இருவரும் கண்டது ஒரே இருள், ஒரே ஆழம். ஆயினும் இறங்கியவரையே வீரர் என்கிறோம். ஏன்?

புனித தோமா அக்குவினாஸ் மனத்திடத்தை அச்சத்துக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் இடையில் நிறுத்தினார். ஆபத்து எவ்வளவு பெரிது என்பதன்று, எந்த நன்மைக்காக அதை ஏற்கிறோம் என்பதே அளவுகோல். மலையேறும் மகிழ்ச்சியும் ஒரு நன்மைதான். அதை நான் இகழமாட்டேன். சமவெளியின் வெக்கையில் வாழும் நமக்குச் சிறுமலைக் காற்றே பாதி மருந்து!

ஆனால் நம் திண்டுக்கல் இளைஞர் பேச்சைச் சற்றுக் கேளுங்கள். வழுக்காத காலணி, குளிர் தாங்கும் கூடாரம் என்று தொடங்கி, வனத்துறையின் கண்ணில் படாத பாதை எது என்பதில் வந்து நிற்கிறது. "என் உயிர், என் விருப்பம்" என்கிறார்கள். அந்த வாதத்தில் ஒருவரை மறந்துவிடுகிறார்கள். இவர்கள் விழுந்தால் இறங்க வேண்டியவர் தோழராகவோ, தீயணைப்பு வீரராகவோ, அவ்வழியே வந்த பளியராகவோ இருக்கலாம். அவர் மறுக்கமாட்டார் என்பதை நம்பித்தானே இவர்கள் வேலியைத் தாண்டுகிறார்கள்? அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.