நிலத்தின் மேல் நமக்கு என்ன உரிமை?

நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் சட்டம் பத்திரத்தைக் காட்டும். கடவுள் நம்பிக்கை உள்ள எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நிலம் கடவுளுடையது, மனிதர்கள் அதில் தங்கிப்போகிறவர்கள் என்கிறது விவிலியத்தின் லேவியர் நூல். ஆனால் போதனை மட்டும் பேராசையை அடக்கிவிடுமா?

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் இங்கிலாந்தின் பொது வயல்களைப் பிரித்து உயிர்வேலி அடைத்தன. மேய்ச்சல் உரிமை இழந்த ஏழைகள் பலர் கூலிகளானார்கள். லேவியர் நூலை வாசித்த குருமார் பலரும் தசமபாகத்துக்கு ஈடாக நிலம் பெற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பெரிய இயந்திரங்களுக்கு வழிவிட அதே உயிர்வேலிகளைப் பிடுங்கினார்கள், பறவைகள் கூடிழந்தன. அடைத்ததும் லாபத்துக்கு, பிடுங்கியதும் லாபத்துக்கு.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமம் அந்த வேலியடைப்புக்குத் தப்பியது. அங்கே மூன்று பெரிய திறந்த வயல்கள் இன்றும் உண்டு. ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் ஊர் விவசாயிகளே நடுவர்களாக ஒரு வயலில் இறங்குகிறார்கள். பூட்ஸில் களிமண் அப்ப நடந்து, உழவுசால் பொதுப் புல்வெளிக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்லையில் மரமுளை அடிக்கிறார்கள். அத்துமீறியவருக்கு ஊர் மன்றம் அபராதம் விதிக்கிறது.

அந்த முளையில் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. நிலத்தின் மேலான உரிமை, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு. கடவுளுக்குக் கணக்குச் சொல்வதாக நம்புகிறவர், முதலில் பக்கத்து வயல்காரருக்குச் சொல்லிப் பழகட்டும்.