குளம்பொலி

ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, அது வந்ததும் போர்வையைக் கண்வரைக்கும் இழுத்துக்கொண்டு பார்த்த தொடர் அது. 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கியது. கதை நடக்கும் தோட்டக்காரமங்கலத்தில் தப்பு செய்தவனைத் தேடிக் காவல்தெய்வமான கருப்பு குதிரையேறி வரும். அந்தக் குளம்பொலி கேட்டால் எங்கள் வீட்டில் பெரியவர்களே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அப்பாவின் சட்டைப்பையிலிருந்து நான் இரண்டு ரூபாய் எடுத்திருந்த வாரம் ஒன்று உண்டு. அன்றிரவு தெருவில் எங்கோ நாய் குரைத்தது. குதிரையைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, கையை என் மேல் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு விடுமுறையில் யூடியூபில் அதை முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். பயம் வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ எதையோ தொலைத்ததுபோல இருந்தது. எதைத் தொலைத்தேன் என்று விளங்கச் சில நாட்கள் ஆயின. அந்த வயதில் இருட்டுக்கு அஞ்சியபோதே, அந்த இருட்டில் ஒருவர் விழித்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே நம்பியிருந்தோம். இரண்டு ரூபாய்க்குக்கூட ஒரு சாட்சி இருந்தது. வளர வளர, கோடிகளைச் சுருட்டியவர்கள் நிம்மதியாக உறங்குவதைக் கண்டோம். எந்தக் குதிரையும் அவர்கள் வாசலில் நிற்கவில்லை. பயத்தோடு கூடவே அந்த நம்பிக்கையும் நம்மைவிட்டுப் போயிருக்கிறது.

கருப்பு என்னும் இந்தத் தெய்வத்தை நம் ஊர்கள் வீணாகக் கொண்டாடவில்லை. அழகர்கோயிலில் சாத்திய கதவாகவே நிற்கிறார் பதினெட்டாம்படிக் கருப்பர். கொடுத்த கடனை இல்லையென்பவனும், வரப்பைத் தள்ளிப்போட்டவனும் அந்தச் சந்தனம் பூசிய கதவின் முன்னே சத்தியம் செய்யத் தயங்குவார்கள். அங்கே தீர்ந்துபோன வழக்குகள் ஏராளம். கையில் பத்திரமோ பக்கத்தில் ஆள்பலமோ இல்லாத ஏழைக்கு அந்தக் கதவுதான் கடைசி நீதிமன்றமாக இருந்திருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் தொடரின் முடிவு நம்மை அங்கே நிற்க விடுவதில்லை. கருப்பாக வந்து கொன்றது மனம் பிளந்துபோன ஒரு மனிதன், ராஜேந்திரன். சிறுவயதில் கண்டதும் கேட்டதும் அஞ்சியதும் அவனுக்குள் இன்னொருவனாக வளர்ந்து, ஒரு நாள் அரிவாளை எடுத்துவிட்டன. சின்ன வயதில் இந்த முடிவு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. 'அப்போ சாமி இல்லையா?' என்று கேட்டு அழுதது ஞாபகம் இருக்கிறது. இப்போது பார்க்கையில், தொடர் முழுவதிலும் என்னை நடுங்கவைத்த ஒரே இடம் அதுதான்.

ஓர் ஊரில் நடந்த அநியாயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், தட்டிக்கேட்கும் துணிவு ஒருவருக்கும் இல்லாதபோது, 'கருப்பு பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நாம் உறங்கப் போகிறோமே, அந்தச் சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாத ஒரு பிள்ளை, திண்ணையில் பெரியவர்களின் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் செய்திருக்க வேண்டிய நீதியைத் தெய்வத்தின் கணக்கில் எழுதிவைத்ததாக நினைக்கிறோம். அதுவோ அந்தப் பிள்ளையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சுமக்கத் தெம்பில்லாத வயதில் ஏறிய அந்தச் சுமை அவனை உள்ளுக்குள்ளேயே இரண்டாக ஒடித்த பிறகுதான், நாம் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவிர்த்துவந்த கடமை எவ்வளவு கனமானது என்பது, அதுவும் ஒரு கொலையின் வடிவில், ஊருக்குத் தெரியவருகிறது.

கடைசிப் பகுதி முடிந்தபின் பின்னோக்கிப் போய், அந்தப் பையன் ராஜேந்திரன் வருகிற காட்சிகளை மட்டும் தனியாகப் பார்த்தேன். முன்பு அவனை நான் கவனித்ததே இல்லை; குதிரை எப்போது வரும் என்பதிலேயே கண் இருந்தது. அவனுக்கும் என் வயதுதான். அவனும் இரவில் விழித்திருந்தவன்தான். அம்மா அன்று ஒன்றும் கேட்காமல் என் மேல் போட்டிருந்த கையின் கனம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் தோளில் மறுபடி தெரிந்தது.